‘பம்பிங் 30’ என்று சொன்ன பிறகு

அழகர்மலை அடிவாரத்து ஊர்களில் காய்ச்சல் ஒன்றும் புதிதில்லை. மழை விட்டுப் பனி இறங்கும் மாதங்களில் தெருவுக்கு நாலு பேர் போர்த்திக்கொண்டு கிடப்பார்கள். அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆடு மேய்த்துவிட்டு வந்தவர் தலைவலி, குளிர் என்று படுத்தார். ஊசி போட்டால் விடும், மறுநாள் திரும்ப வரும். ஒரு வாரம் போல இழுத்தது. அப்புறம் ஒரு விடியற்காலையில் எழுப்பினால் மூச்சு வாங்குகிறது, கை கால் சில்லிட்டுப் போயிருக்கிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். 108-ஐக் கூப்பிட்டு மேலூர் கொண்டுபோனோம். பிபி 70-தான் இருக்கிறது என்று சலைன் ஏற்றி, உடனே மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

மதுரையில் ஈசிஜி எடுத்தார்கள், அதில் மாற்றம். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினும் கூடுதல். அவ்வளவுதான், ஐசியூ வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இதய டாக்டர் ஆகிவிட்டார்கள். “மாப்ளை, இது அட்டாக்தான். உடனே ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைக்கச் சொல்லு” என்று மாமா விடவில்லை. டாக்டர் எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன், பார்த்துவிட்டு வெளியே வந்தார். “பம்பிங் 30 பர்சன்ட்தான் இருக்கு தம்பி. ஆனா அடைப்பு மாதிரி தெரியல. அடைப்புன்னா அந்தக் குழாய் போற பக்கத்துத் தசை மட்டும் அசையாது. அம்மாவுக்கு மொத்த இதயமும் ஒரே மாதிரி சோர்ந்து போயிருக்கு. இது கிருமியால வந்தது.” சாதாரணமாக 55-லிருந்து 70 வரை இருக்க வேண்டியது அந்தக் கணக்கு. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் அது.

என்ன கிருமி என்பதைக் கண்டுபிடித்தது எந்த மிஷினும் இல்லை. டியூட்டியில் இருந்த ஒரு பெண் டாக்டர் சிஸ்டரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, திரை போட்டு, அம்மாவின் உடம்பை அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று ஓர் இடம் விடாமல் பார்த்தார். இடுப்பில், பாவாடை நாடா இறுகும் தழும்புக்குக் கீழே இருந்தது. சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியும் கிடையாது, அரிப்பும் கிடையாது. அதனால் அம்மாவுக்கே தெரியவில்லை. உண்ணிக் காய்ச்சல், டாக்டர்கள் பேச்சில் ஸ்க்ரப் டைபஸ். புல், புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்தால் வருவது. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினும் நரம்பு வழியாக ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கடுமையான உண்ணிக் காய்ச்சலில் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று இந்தியாவிலேயே பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஆய்வு செய்து 2023-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கிருமி ரத்தக்குழாய்களின் உள்சுவரில் போய்க் குடியேறுகிறது. குழாய்கள் தளர்ந்து கசிய ஆரம்பிக்கின்றன. பிபி இறங்குகிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கிற பொருள்களே இதயத் தசையையும் சேர்த்து அடித்துப் போடுகின்றன. இதயத் தசையிலேயே அழற்சி வருவதும் உண்டு. தசை செத்துப்போவதில்லை, பெரும்பாலும் சோர்ந்து கிடக்கிறது. மாரடைப்புக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான். மாமாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு ராத்திரி பிடித்தது.

அன்று மாலையே வென்டிலேட்டர் வைக்கக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

காப்பீட்டு வேலை தனியாக ஓடியது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓ சான்று, ரேஷன் கார்டு, ஆதார் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு ஓட வேண்டும். எங்களிடம் அட்டை இருந்தது, பிழைத்தோம். உங்கள் வீட்டு அட்டை எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று இன்றைக்கே தேடி வைத்துவிடுங்கள்.

பார்வை நேரத்தில் உள்ளே போகும்போதெல்லாம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “பம்பிங் எவ்வளவு?” அந்த டாக்டரம்மாதான் என்னைக் கட்டில் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டினார். சிரிஞ்ச் பம்ப்பில் பிபியை ஏற்றிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து போய்க்கொண்டிருந்தது, சிவப்பு எழுத்தில் 12.0 என்று. “இந்த நம்பரைப் பாருங்க. சராசரி பிபி 65-க்குக் கீழ போகாம இருக்க மணிக்கு இவ்வளவு மருந்து தேவைப்படுது. இது குறையுதா, யூரின் வருதா, உடம்புக்கு ரத்தம் பத்தாதப்ப ஏறுற லாக்டேட் இறங்குதா, அதைக் கேளுங்க.” தொங்கிய மூத்திரப் பையில் கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சம்தான் இருந்தது. அதன்பிறகு நான் பையைத்தான் முதலில் பார்ப்பேன்.

அவர் சொன்னதன் அருமை பக்கத்துக் கட்டிலில் தெரிந்தது. அங்கே ஒரு பெரியவர், நிமோனியாவில் வந்தவர். பம்பிங் 65 என்றதும் அந்த வீட்டார் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள். அவர் தேறவில்லை. குழாய்கள் முழுக்கத் தளர்ந்து கிடக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் ரத்தம் சுலபமாக வெளியே போகும், எண் அழகாகத் தெரியும். அதை வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்றார் டாக்டர். 1984-ல் அமெரிக்காவில், கிருமித் தொற்றால் பிபி இறங்கிப்போகும் தொற்று அதிர்ச்சியில் இருந்த 20 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பிழைத்த 13 பேரில் 10 பேருக்கு இந்தக் கணக்கு 40-க்கும் கீழே போயிருந்தது, பத்து நாள் வாக்கில் பழைய நிலைக்கு ஏறியது. இறந்தவர்களுக்கு அது குறையவே இல்லை. சின்ன ஆய்வுதான்; குறைந்தால் நல்லது என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து ஆள் பிழைப்பாரா என்று சொல்ல முடியாது என்பதைப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் காட்டின. இதயம் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் விறைப்பது, வலது பக்க இதயம் தளர்வது இவைதான் இன்னும் கவலைக்குரியவையாம். எங்கள் ஆட்கள் யாரும் “வலது பக்கம் எப்படி?” என்று கேட்டதில்லை. கேட்கலாம்.

12.0 என்பது 9 ஆனது, 5 ஆனது, நடுவில் ஒரு ராத்திரி திரும்ப 8-க்கு ஏறி எங்கள் வயிற்றைக் கலக்கியது. பையில் மூத்திரம் நிறம் தெளிந்து இறங்க ஆரம்பித்தது. மருந்து நின்ற பிறகும் டியூபை உடனே எடுக்கவில்லை. மிஷின் அழுத்தம் போனதும் இதயத்துக்குத் திடீரென்று அதிக ரத்தம் திரும்பி வரும், சோர்ந்த இதயம் அதைத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் தேங்கும் என்பதால், முதலில் நீர் பிரியும் ஊசி போட்டு, மிஷின் உதவியைக் குறைத்துப் பார்த்து, அப்புறம்தான் எடுத்தார்கள். இரண்டாவது எக்கோவில் 45. தொண்டை கட்டிய குரலில் அம்மா முதலில் கேட்டது ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டது யார் என்று.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கைகால் தசை கரைந்து, உட்கார்ந்து எழவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ராத்திரியில் யாரோ கட்டிப்போட்டிருப்பதாகப் பயந்து எழுவார். ஐசியூவிலிருந்து வருகிறவர்களுக்கு இது உண்டு என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால் மந்திரிக்கக் கூட்டிப்போகாமல் இருந்தோம். ரிவ்யூவில் எக்கோ 58. இதய மாத்திரைகளை டாக்டரே ஒவ்வொன்றாகக் குறைத்து நிறுத்தினார். நாமாக நிறுத்தக் கூடாது.

அம்மா திரும்பவும் ஆடு பற்றிக்கொண்டு போகிறார். தடுத்துப் பார்த்தோம், நடக்கவில்லை. ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்றும் இல்லை. புல்லில் நேராக உட்காராமல் சாக்கு விரித்துக்கொள்வது, வந்ததும் கட்டின சேலையை வெந்நீரில் நனைத்துவிட்டுக் குளிப்பது, இடுப்பு, அக்குளைத் தங்கச்சியிடம் காட்டுவது, இந்த மூன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.