கையெழுத்துப் போடுகிறவர்கள்

மே மாதம் வந்தால் இன்னமும் எனக்கு ரசீதுப் புத்தகம் கனவில் வருகிறது. ஒரு குளத்தைக் காப்பாற்றும் அமைப்பில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கூழைக்கடாவும் நாரையும் அல்லவா வர வேண்டும்? எனக்கு வருவது அடிக்கட்டை கிழிந்த ரசீதுப் புத்தகம்தான். நான் பார்த்தது கணக்கு வேலை. குளத்தில் இறங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்த அமைப்பை நடத்தியவர்களை அவர்கள் வீட்டாரைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

2012-ல் பி.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். கோவையில் நொய்யல் தண்ணீரை நம்பி இருக்கும் குளங்களில் ஒன்று எங்களுடையது. பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். வெள்ளியங்கிரி மலைப்பக்கமிருந்து இறங்கி வரும் ஆற்றை அங்கங்கே அணைக்கட்டு கட்டித் திருப்பி, ராஜவாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிரம்பினால் மிச்சம் அடுத்த குளத்துக்குப் போகும்படி அந்தக் காலத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். சித்திரைச்சாவடி அணைக்கட்டுத் தண்ணீர் கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, முத்தண்ணன் குளம் என்று போவது அப்படித்தான். ஆகவே ஆற்றில் தண்ணீர் ஓடும்போதும் ஒரு குளம் காய்ந்து கிடந்தால், முதலில் பார்க்க வேண்டியது வாய்க்காலை.

அய்யாவுக்கு இது நன்றாகத் தெரியும். அமைப்பைத் தொடங்கியவர், தலைவர், மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வருஷமும் ஆடித் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வாய்க்கால் முழுக்க நடப்பார். கிழிந்த மெத்தை, ஓட்டல் கழிவு, கோழி இறகு மூட்டை என்று எது அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். ஒரு வருஷம் நானும் நோட்டோடு கூடப் போனேன். ஓரிடத்தில் புது வீடு கட்டுகிறவர் பழைய சுவரை இடித்துக் கல்லையும் காரையையும் வாய்க்காலுக்குள் தள்ளியிருந்தார். புகார் எழுதுவதற்காக நான் தேதி, இடம் எல்லாம் குறித்துக்கொண்டேன். அய்யா நேராகப் போய் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். "சிமெண்டு மூட்டை இப்ப என்ன விலைங்க?" என்று ஆரம்பித்துக் கம்பி, கொத்தனார் கூலி, அவர் மகள் கல்யாணம் என்று முக்கால் மணி நேரம் ஓடியது. கிளம்பும்போதுதான், "ஆடியில தண்ணி வந்தா முதல்ல உங்க அஸ்திவாரத்துலதானுங்க ஏறும், பாத்துக்குங்க" என்றார். நாலே நாளில் வாய்க்கால் காலி. என் நோட்டில் எழுதிய பக்கம் எதற்கும் பயன்படவில்லை.

கோவையில் இந்த வேலை செய்பவர்கள் பல விதம். வனிதா மோகன் நடத்தும் சிறுதுளி 2003-ல் தொடங்கியது. தொழில் நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு பெரிய அளவில் தூர்வாருவார்கள். 'ஓசை' அமைப்பின் காளிதாசன் காடு, யானை என்று ஊர் ஊராகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் மண்வெட்டியோடு குளத்தில் இறங்கும் இளைஞர் கூட்டமும் உண்டு. எங்கள் அய்யா இந்த எந்த வரிசையிலும் சேரமாட்டார். மைக்கைக் கையில் கொடுத்தால், "எல்லாருக்கும் வணக்கமுங்க, டீ சாப்பிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

அவரிடம் ஒரே ஒரு குறை. யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார்.

பெரிய கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கும் கார்கள் வர ஆரம்பித்தன. வந்தவர்கள் எல்லோருக்கும் மரக்கன்றுதான் நட வேண்டும். பனியன், தொப்பி, பேனர், போட்டோ. எங்களுக்கு வேண்டியிருந்ததோ மதகுக்கு ஒரு ஷட்டர். துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்து, தேங்கிய தண்ணீர் இரவும் பகலும் கசிந்துகொண்டிருந்தது. குளம் அரசுக்குச் சொந்தம் என்பதால் அதைத் தொட அனுமதி வாங்க வேண்டும், வாங்கினாலும் தண்ணீருக்கடியில் இருக்கிற ஷட்டரோடு யார் நின்று போட்டோ எடுப்பார்கள்?

கரையோரம் 400 குழி தோண்டி முதல் கம்பெனிக்குப் புங்கன் நட்டோம். பங்குனி வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் பாதி காய்ந்தது, மீதியை ஆடு தின்றது. அடுத்த வருஷம் வேறு கம்பெனி, நீர்மருது, அதே குழிகள். மூன்றாம் வருஷம் இன்னொரு கம்பெனி. ஆண்டறிக்கையில் '1,200 மரக்கன்றுகள் நடப்பட்டன' என்று அடித்தவள் நான்தான். பொய் இல்லை, நட்டது 1,200தான். குழி எத்தனை என்று அந்த அறிக்கையில் யாரும் கேட்கவில்லை.

2018 ஐப்பசியில் அய்யாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரி, பிசியோதெரபி எல்லாம் ஆகி, மூன்றாவது வாரமே "சம்பளச் செக்கைக் கொண்டா அம்மிணி" என்று ஆள் அனுப்பிவிட்டார். வலது கை சரியாக வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார். வங்கியில் திருப்பிவிட்டார்கள், கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். மறுபடி போட்டார், மறுபடி திரும்பியது. தலைவரும் பொருளாளரும் சேர்ந்து போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று தொடங்கிய நாளில் எழுதிக் கொடுத்திருந்தது. சரி, தலைவர் பெயரை மாற்றலாம் என்றால் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும், சங்கப் பதிவாளரிடம் தாக்கல் செய்த நிர்வாகிகள் பட்டியல் வேண்டும். நாங்கள் நான்கு வருஷமாகத் தாக்கலே செய்யவில்லை. மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்தால் கடைசிப் பக்கத்தில் 'கூட்டம் நல்லபடியாக நடந்தது' என்று ஒரே வரி. அதில் பாதிப் பழி எனக்கு. அந்தப் புத்தகம் என் மேஜை டிராயரில்தான் இருந்தது.

இரண்டு மாதம் யாருக்கும் சம்பளம் இல்லை. காவலாளியின் மனைவி அலுவலக வாசலுக்கு வந்து ஒன்றும் கேட்காமல் நின்றார். ஐந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பொருளாளர் கைக்காசு போட்டு அவர்களுக்கு மட்டும் கொடுத்தார். குளத்துக்கு வந்த எந்த ஆபத்திலும் நான் அவ்வளவு பயந்ததில்லை.

அதன் பிறகு ஒருவழியாகப் பொதுக்குழு கூடியது. ஞாயிறு தோறும் பறவைக் கணக்கெடுக்க வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைச் செயலாளர் ஆக்கிக் கையெழுத்துப் போடும் பொறுப்பையும் கொடுத்தார்கள். சிவில் இன்ஜினியர், முப்பதைத் தாண்டிய வயது. வந்த முதல் நாள், "அக்கா, அய்யாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்க எழுதி வெச்சிருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலங்களில் அய்யா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, வாய்க்காலைத் துண்டு துண்டாக வரைந்தார். மதகுச் சாவி யார் வீட்டில் இருக்கிறது, எந்தப் பாலத்தடியில் மண் மேடாகும், மீன் குத்தகைக்காரர்களில் யாரிடம் பேசினால் வேலை ஆகும், எல்லாம். முதல் மாதம் அய்யா உற்சாகமாகச் சொன்னார். அப்புறம் சுருதி இறங்கியது. "எல்லாத்தையும் எழுதி வாங்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். நான் பதில் சொல்லாமல் காபியைக் குடித்தேன்.

வெடித்தது கன்று நடும் விஷயத்தில்தான். ஒரு கம்பெனி 1,000 கன்று நட வந்தது. செயலாளர் கேட்டார்: "நட்டுக் கொடுக்கறோம். ரெண்டு வருஷம் தண்ணி ஊத்த ஆள் கூலியும் சேர்த்துத் தருவீங்களா?" அவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள், திரும்பவில்லை. செயற்குழுவில் அய்யா அதுவரை 'கண்ணு' என்று கூப்பிட்டவரை "மேடம்" என்றார். "வீடு தேடி வந்தவங்களை அனுப்பிட்டீங்களே மேடம்." அவர், "குழி இருக்குங்க சார், தண்ணி ஊத்தத்தான் ஆள் இல்லை" என்றார். அய்யா எழுந்து போய்விட்டார்.

நான் யார் பக்கம்? செயலாளர் சொன்னதுதான் சரி, அது எனக்கு 400 குழிக் கணக்கிலேயே தெரியும். ஆனால் அந்த வருஷம் என் சம்பளம் இரண்டு முறை தள்ளிப்போனது, அப்போதெல்லாம் மனசுக்குள் அவரைத்தான் திட்டினேன். அவருக்கும் சறுக்கல் உண்டு. வாய்க்காலில் குப்பையைப் பார்த்தால் திண்ணையில் உட்கார மாட்டார், போட்டோ எடுத்து மாநகராட்சிக்கு அனுப்புவார். குப்பை போகும். ஆனால் ஒரு வீட்டுக்காரர் கோபத்தில் தன் நிலத்து வழியாக வாய்க்காலுக்குப் போகும் பாதையில் முள்வேலி போட்டார். அய்யா இருந்தால் அந்த வேலிக்கு வேலையே இருந்திருக்காது. மறுபுறம், மதகு ஷட்டரை மாற்றியது செயலாளர்தான். அளவெடுத்து, மதிப்பீடு போட்டு, பொறியாளர் அலுவலகத்துக்கு ஒன்றரை வருஷம் நடந்து அரசு செலவிலேயே வாங்கினார்.

நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் மே 31-க்குள் தாக்கல் செய்யும் விதி 2022-ல் எங்களுக்கு முதல்முறையாக வந்தது. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். அய்யா அப்போதும் இடது கையால் ரசீது எழுதி வசூல் செய்துகொண்டுதான் இருந்தார். பெயர் என்ற இடத்தில் 'டீக்கடை மாமா', 'பேரூர் அண்ணன்', ஒரு ரசீதில் 'பேர் வேண்டாம்னார்'. செயலாளர் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். டீக்கடை மாமாவின் பான் எண்ணைத் தேடி நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் போன கதை தனி.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய பொங்கலுக்குக் கரையில் இருந்த பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தோம். 'குளத்தில் குப்பை கொட்டாதீர்கள், தொடர்புக்கு' என்று எழுதி அய்யாவின் செல்போன் எண். கோடையில் முதல் மழை பெய்தால் சாக்கடையெல்லாம் அடித்துக்கொண்டு குளத்துக்குள் வரும். தண்ணீரில் பிராணவாயு குறைந்து, விடியற்காலையில் ஜிலேபிக் கெண்டை வெள்ளை வெள்ளையாக மிதக்கும். அதைப் பார்க்கிறவர்கள் அய்யாவுக்குத்தான் போன் செய்வார்கள். அய்யா உடனே செயலாளருக்குப் போன் செய்து, சண்டை போட்டதெல்லாம் மறந்து, "கண்ணு, வடக்குக் கரையில மீன் செத்து மிதக்குதாம்" என்பார்.

செயலாளரின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கிப் பார்த்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "பழைய நம்பரே இருக்கட்டும் அக்கா."

பெயின்டர் ஏணியில் ஏறி பலகையைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, இதுல ஒன்பது நம்பர்தான் இருக்குது. கடைசி நம்பர் உரிஞ்சு எத்தனை வருஷமாச்சோ. என்ன நம்பருங்க?"

"ஏழு" என்றோம், இரண்டு பேரும்.