கடையைத் திறந்து வைத்தால் மட்டும் இரவு ஊர் நடக்காது

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசாணை வந்தது 2019 ஜூனில். 2022லும் 2025லும் அதை நீட்டித்தார்கள். நிபந்தனைகள் ஒழுங்காகவே இருக்கின்றன: நாளுக்கு 8 மணி நேர வேலை, ஓவர்டைம் சேர்த்து பத்தரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்துப்பூர்வ சம்மதமும் வண்டி வசதியும் வேண்டும்.

ஆனால் ராத்திரி நம் ஊர்களில் விழித்திருப்பது யார்? இட்லிக் கடை, டீக்கடை, பழவண்டி. பெரும்பாலும் நாலைந்து பேர்தான். அவர்கள் இந்த ஆணைக்குள் வருவதில்லை. ஆணை போட்டது தொழிலாளர் நலத்துறை. கடையைச் சாத்தச் சொல்வது ரோந்துக் காவலர். இருவருக்கும் நடுவில் பேச ஆள் இல்லை. எனவே மாநகராட்சிக்கு முதல் யோசனை: இரவுக்கென்று ஓர் அதிகாரி. இரவில் கடை திறந்திருக்கும் தெருவில் காவல், சுகாதாரம், தீயணைப்பு மூன்றும் ஒரே நேரக்கட்டுப்பாட்டைச் சொல்ல வைப்பதுதான் அவர் வேலை.

அடுத்து கணக்கெடுப்பு. ஒரு வாரம், இரவு 9 முதல் 3 வரை, மணிக்கொரு முறை தெருவில் ஆட்களை எண்ணுங்கள். சாப்பிட வந்தவர், பஸ்ஸுக்கு நிற்பவர், ஷிப்ட் முடிந்தவர், சரக்கு இறக்குபவர் என்று தனித்தனியாக. கடைசி பஸ் நேரத்தைப் பக்கத்தில் எழுதினாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும். கட்டணக் கழிப்பிடம் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் வராமல் போவதற்கு அதுவே போதும்.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் இரண்டு பாடம் இருக்கிறது. அங்கே சராஃபா கடைத்தெருவில் பகலில் நகைக்கடை. அது சாத்தியதும் அதே வாசலில் சாப்பாட்டுக் கடை. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அதே ஊரில் பிஆர்டிஎஸ் சாலை (பஸ்ஸுக்கென்று தனிப்பாதை போட்ட சாலை) நெடுக 24 மணி நேரக் கடைகளுக்கு 2022ல் அனுமதி கொடுத்து, குடித்துவிட்டுத் தகராறு என்று புகார்கள் குவிந்ததும் 2024ல் திரும்பப் பெற்றார்கள். என் பார்வையில் வித்தியாசம் நீளத்தில் இருக்கிறது. ஒரு சந்தை என்றால் எல்லோர் கண்ணிலும் படும். பல கிலோமீட்டர் சாலையை எந்த ரோந்தும் முழுசாகப் பார்க்க முடியாது. ஆகவே ஒரே தெரு, ஆறு மாதம், வெள்ளி சனி மட்டும் என்று தொடங்கலாம். சராஃபா மாதிரிக் குறுகலான சந்தில் சிலிண்டர்தான் பயம்: ஒரு வண்டிக்கு ஒன்று, மாற்று சிலிண்டர் சந்துக்கு வெளியே, தீயணைப்பு வண்டி நுழையும் அகலத்துக்குத் தரையில் மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டி நாற்காலி போடுவது முதல் வாரமே ஆரம்பிக்கும். அப்போதே எடுக்காவிட்டால் பிறகு எடுக்க முடியாது.

சத்தத்துக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை வணிகப் பகுதியில் 55 டெசிபல், குடியிருப்பில் 45. நம் கடைத்தெருக்களில் கீழே கடை, மாடியில் வீடு. எந்த எண் பொருந்தும் என்று முதலிலேயே எழுத்தில் முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் 55 என்பார், மாடிக்காரர் 45 என்பார், புகார் ஸ்டேஷனுக்கும் மாநகராட்சிக்கும் அலையும்.