ஒண்ணும் இல்லயாம்

"ஏங்க, ஒண்ணும் இல்லயாம்." ரிப்போர்ட்ட நான் சொல்லி முடிச்சு ரெண்டு நிமிஷம் கூட ஆகல, என் டேபிளுக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டே வீட்டுக்காரருக்கு போன் போட்டுட்டாங்க. நான் அவங்களப் பாத்து சிரிச்சேன். ஒன்றரை வருஷம் ஆச்சு, அந்த சிரிப்புதான் இன்னும் உறுத்துது.

நான் டாக்டர் இல்ல, ஜெனடிக் கவுன்சலர், பரம்பரையா வர்ற நோய் பத்தியும் அதுக்கான ஜீன் டெஸ்ட் பத்தியும் குடும்பங்களுக்கு விளக்கறவ. எத்தனை தடவ சொன்னாலும் "டாக்டரம்மா"தான், ஒரு கட்டத்துக்கு மேல நானும் திருத்தறத விட்டுட்டேன். கேக்கறவங்க நிம்மதியா இருந்தா திருத்தாம விட்டுடற பழக்கம் அங்கதான் ஆரம்பிச்சுதோ என்னவோ.

அந்த அக்காவுக்கு 36 வயசு, கடலூர் பக்கம். அவங்க அம்மாவுக்கு 41 வயசுல மார்பகப் புற்றுநோய், 44ல போயிட்டாங்க. சித்திக்கும் வந்து, ஆபரேஷன் பண்ணி, இப்ப நல்லா இருக்காங்க. முதல் நாள் வந்தப்ப வழக்கம்போல குடும்பப் படம் போட்டேன். பொம்பளைங்களுக்கு வட்டம், ஆம்பளைங்களுக்கு கட்டம், நோய் வந்தவங்கன்னா உள்ள கறுப்பு அடிக்கணும், இறந்துட்டாங்கன்னா குறுக்க ஒரு கோடு. அவங்க எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவங்க அம்மா வட்டத்துல கோடு போடப் போனப்ப "அது போட்டே ஆகணுமா மேடம்?"ன்னு கேட்டாங்க. பேனாவ எடுத்துட்டேன். கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப போட்டுக்கலாம்னு. போட்டேன்.

பரம்பரைக் கோளாறு இருக்கான்னு பாக்கற இந்த ஜீன் டெஸ்ட்ல ஒரு விஷயம், யாருக்கு நோய் வந்திருக்கோ அவங்களுக்குத்தான் முதல்ல ரத்தம் எடுக்கணும். அவங்ககிட்ட இன்ன ஜீன்ல இன்ன இடத்துல கோளாறுன்னு கண்டுபிடிச்சுட்டா, அப்புறம் வீட்டுல மத்தவங்களுக்கு அந்த ஒரு இடத்த மட்டும் பாத்தா போதும். அது இல்லன்னா நிஜமாவே தப்பிச்சாச்சு, ஊர்ல மத்த பொம்பளைங்களுக்கு இருக்கற ரிஸ்க்தான் இவங்களுக்கும். அதனால சித்திய கூட்டிட்டு வரச் சொன்னேன். சொத்துத் தகராறாம், ஆறு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல, "அவங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன் மேடம்"ன்னாங்க. அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ண இடத்துல மெழுகுல பதிச்சு வச்ச சதை பிளாக் ஏதாவது மிச்சம் இருக்கான்னு கேட்டுப் பாத்தேன், அதையெல்லாம் எப்பவோ கழிச்சுட்டாங்களாம். வேற வழியில்லாம, நோயே வராத இவங்களுக்கே ஊதா மூடி டியூப்ல ரத்தம் எடுத்து அனுப்பினோம். வேற வழியில்லன்னு இப்ப எழுதறேன். சித்தி நம்பர வாங்கி நானே ஒரு போன் போட்டிருக்கலாம். குடும்பச் சண்டைல தலையிட எனக்கு என்ன உரிமைன்னு அன்னிக்கு தோணுச்சு, இன்னிக்கும் பாதி நாள் அப்படித்தான் தோணுது.

நாலு வாரம் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு, நெகட்டிவ். பிராக்கா 1, பிராக்கா 2, பால்பி 2, டிபி 53ன்னு இந்த நோயோட தொடர்புள்ள ஜீன்கள்ல தேடினதுல ஒண்ணும் சிக்கல.

நான் ஒழுங்காத்தான் சொன்னேன். இத என் தரப்புக்காக சொல்லிக்கணும். கடலோரத்து ஆளுங்களாச்சேன்னு வலைய உதாரணமா எடுத்தேன், "அக்கா, வலை போட்டோம், மீன் சிக்கல. அங்க மீனே இல்லயா, இல்ல நம்ம வலைக் கண்ணு பெருசா இருந்து நழுவிடுச்சான்னு தெரியாது. அம்மாவுக்கு எதனால வந்துச்சுன்னே நமக்குத் தெரியல, அதனால உங்களுக்கு ரிஸ்க் இல்லன்னு சொல்ல முடியாது, வருஷா வருஷம் மேமோகிராம், அதான் மார்பக எக்ஸ்ரே, பாத்தே ஆகணும்." அம்மாவுக்கு வந்த வயசுக்கு பத்து வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கணும்னு ஒரு கணக்கு உண்டு, அப்படிப் பாத்தா ஏற்கனவே அஞ்சு வருஷம் லேட்டுன்னும் சொன்னேன். "புரியுது மேடம்"ன்னு தலையாட்டினாங்க. அடுத்து அந்த போன்.

இல்லயாம். அந்த 'ஆம்'தான் என்ன குத்துது. "இல்ல"ன்னு சொல்லியிருந்தா அவங்க முடிவு. "இல்லயாம்"னா சொன்னது நான். நான் சொல்லாத ஒண்ண, என் வாயால சொன்னதா, என் கண்ணு முன்னாடியே சொல்றாங்க, நான் சிரிச்சுட்டு உக்காந்திருக்கேன். போன வாங்கி "அண்ணா, அப்படி இல்ல"ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? ஆனா அந்த முகத்த பாத்திருக்கணும் நீங்க. இருபது வருஷமா அம்மா வயச எண்ணிக்கிட்டே வாழ்ந்தவங்க, "41 தாண்டிட்டா போதும் மேடம்"னு முதல் நாளே சொன்னவங்க. அந்த நிம்மதிய பத்து நிமிஷம் கூட அனுபவிக்க விடாம பிடுங்கறதான்னு நெனச்சேன். இல்ல, மணி ஒன்றரை ஆச்சேன்னு நெனச்சேன். ரெண்டுல எதுன்னு சத்தியமா ஞாபகம் இல்ல.

வார்த்தையும் சதி பண்ணுது. கொரோனாவுக்கு அப்புறம் நெகட்டிவ்னா என்னன்னு நாம புதுசா சொல்லித்தர வேண்டியதே இல்ல, குச்சிய மூக்குல விட்டு எடுத்து நெகட்டிவ்னா வீட்டுக்குப் போலாம். போதாததுக்கு எல்லாரும் ஏஞ்சலினா ஜோலி வீடியோ பாத்துட்டு வர்றாங்க. 2013ல அவங்க எழுதினப்ப, பிராக்கா 1ல கோளாறு, மார்பகப் புற்றுநோய் வர 87 சதவீதம் வாய்ப்புன்னு டாக்டருங்க சொன்னதா சொல்லியிருந்தாங்க. (இப்ப பொதுவா சொல்ற கணக்கு 80 வயசுக்குள்ள சுமார் 70 சதவீதம்.) அத பாத்துட்டு வர்றவங்களுக்கு ரெண்டே பதில்தான், இருக்கு, இல்ல. ஆனா மார்பகப் புற்றுநோய்ல இந்த மாதிரி பரம்பரையா ஒரே ஜீன் கோளாறால வர்றது 5லேர்ந்து 10 சதவீதம்தான்.

1990ல அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் இந்த பிராக்கா 1 ஜீன் 17வது குரோமோசோம்ல இருக்குன்னு காட்டினப்பவும், 1994ல அதையே பிரிச்சு எடுத்தப்பவும், ஒரு ஜீன பிடிச்சா கதை முடிஞ்சுதுன்னு நெனச்சவங்க நெறைய பேர். இப்ப போற ஆராய்ச்சியே வேற, ஆளுக்கு ஆள் மாறுற நூத்துக்கணக்கான சின்னச் சின்ன இடங்கள சேத்து ஒரு ஸ்கோர் போடறாங்க. 2019ல 313 இடம் வச்சு ஒண்ணு வந்துச்சு. கண்ணு சின்ன வலைதான், ஆனா பின்னினது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பொண்ணுங்க டேட்டாவ வச்சு. கடலூர் அக்காவுக்கு அத போட்டு ஒரு நம்பர் சொல்ல எனக்கு தைரியம் இல்ல. நம்பர் சொல்லியிருந்தா பயந்துக்கிட்டாவது மேமோகிராமுக்கு வந்திருப்பாங்களோன்னும் தோணுது, அது சரியான நம்பரா இல்லாட்டியும். இப்படி நெனைக்கறது தப்புன்னு தெரியும்.

ஒரு வருஷம் கழிச்சு ஸ்கிரீனிங் ஞாபகப்படுத்த போன் பண்ணேன். வீட்டுக்காரர்தான் எடுத்தார். "அதான் மெட்ராஸ்ல பெரிய டெஸ்ட்டே எடுத்து ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, நீங்க எந்த ஆஸ்பத்திரி?"ன்னார். நாங்கதான் சார் அதுன்னு சொன்னேன். அப்படி சொல்லலைன்னு விளக்கினேன், ரிப்போர்ட்ல மூணாவது பக்கத்துல இருக்குன்னேன். மூணாவது பக்கம் இங்கிலீஷ்ல இருக்குன்னு அவர் சொன்னப்பதான் எனக்கே உறைச்சுது. "சரி மேடம், சொல்றேன்"ன்னு வச்சுட்டார். அப்புறம் நாலு தடவ பண்ணேன், எடுக்கல. என் டீம்ல சீனியர் ஒருத்தங்க, "நீ சொல்லிட்ட, ஃபைல்ல எழுதிட்ட, அதுக்கு மேல நம்ம வேலை இல்ல"ன்னாங்க. சரிதான்னும் படுது. ஃபைல் படிச்சா யாரும் என் மேல தப்பு சொல்ல மாட்டாங்க, அதுவே எனக்கு என்னவோ மாதிரி இருக்கு.

அதுக்கப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டேன். தமிழ்ல அரைப் பக்கம் எழுதித் தர்றது, வீட்டுக்கு போன் பண்ணா ஸ்பீக்கர்ல போடச் சொல்லி நானும் பேசறது. பெரும்பாலும் செய்யறேன்.

போன வியாழக்கிழமை ஆறு பேர். தன்னோட அக்கா ரிப்போர்ட் வாங்க கூட வந்த பையன் ஒருத்தன், கவர கையில வச்சுக்கிட்டு கதவத் தொறக்கறப்பவே வெளிய உக்காந்திருந்த அவங்க அம்மாகிட்ட "ஒண்ணும் இல்லயாம்மா"ன்னான். எனக்கு நல்லாவே கேட்டுச்சு. அதுக்குள்ள அடுத்த டோக்கன் உள்ள வந்து உக்காந்துட்டாங்க.