அநேகமாகன்னா எவ்வளவு?

நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த ப்ராஜெக்டை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. அதே சமயம் வேறோர் இடத்தில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அழைப்பு வந்தது. பதில் சொல்ல ஏழு நாள். ஐந்து நாளை விசாரித்தே கழித்தேன். யாரைக் கேட்டாலும் எனக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

ஆறாம் நாள் அக்காவிடம், "அநேகமாக மூடிடுவாங்க" என்றேன்.

"அநேகமாகன்னா எவ்வளவுடா? நூத்துக்கு எத்தனை?"

யோசித்து எழுபது என்றேன். "நான் தொண்ணூறுன்னு நினைச்சேன்" என்றாள். அதுவரை ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொன்று பேசியிருக்கிறோம். பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே எழுதினாள்: '6 மாதத்துக்குள் மூடல், 70'. கீழே தேதி.

அப்புறம் போஸ்ட்மார்ட்டத்தை முன்கூட்டியே செய்து பார்த்தோம். உளவியலாளர் கேரி க்ளைன் 2007-ல் எழுதிய உத்தி அது; பெயரே 'ப்ரீமார்ட்டம்'. ஒரு வருடம் ஓடிவிட்டது, எல்லாம் சொதப்பிவிட்டது என்று வைத்துக்கொண்டு காரணங்களை எழுத வேண்டும். 'சொதப்புமா?' என்று கேட்டால் மனசு மழுப்பும். 'சொதப்பியாச்சு, ஏன்?' என்றால் கொட்டுகிறது. நான் பயந்துகொண்டிருந்தது சம்பளத்தை நினைத்து. தாளில் விழுந்ததோ வேறு: புது வேலைக்கு வேண்டிய மென்பொருளை நேரத்துக்குக் கற்கவில்லை, ஒப்பந்தம் முடிந்தபோது கையில் சேமிப்பு இல்லை.

கற்றுக்கொள்ள இரண்டு மாதம் போதும் என்றேன். அக்கா சிரித்தாள். இதற்கு முன் கற்ற மூன்றுக்கு எவ்வளவு ஆனது என்று எண்ணிப் பார்த்தால், எல்லாமே சொன்னதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று மாணவர்கள் கணித்தார்கள், ஆனது 55.5. நான் நான்கு மாதம் என்று திருத்தினேன். நான்கரை ஆனது.

சேமிப்புக்கு ஒரு கோடு போட்டோம். மூன்று மாதச் செலவுக்குக் கீழே இறங்கினால் கிடைக்கிற வேலையில் சேர்ந்துவிட வேண்டும், அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. அந்த வாரத்தில் செய்த உருப்படியான காரியம் இதுதான். பதற்றத்தில் இருக்கும்போது நான் எடுக்கும் முடிவுகளின் லட்சணம் எனக்குத் தெரியும்.

ஏழாம் நாள் சரி என்று பதில் அனுப்பினேன்.

ஆறு மாதம் கழித்து நோட்டைத் திறந்தோம். ப்ராஜெக்ட் மூடப்படவில்லை, இன்றும் ஓடுகிறது. முன்கணிப்புக்கு மதிப்பெண் போட, வானிலையாளர் க்ளென் பிரையர் 1950-ல் ஒரு வழி சொன்னார். கணித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்த வேண்டும், குறைந்தால் நல்லது. மூடுவார்கள் என்பதற்கு நான் சொன்னது 0.7, மூடாததால் நடந்தது 0; எனக்கு வந்தது 0.49. யோசிக்காமல் 'பாதிக்குப் பாதி' என்று சொல்லியிருந்தால்கூட 0.25! கிளம்பியதில் வருத்தமில்லை. மூடாமல் இருக்க நூற்றுக்கு முப்பது வாய்ப்பு உண்டு என்று தெரிந்துதானே போனேன்.

இப்போது அதன் கீழே புதிய வரி: 'ஒப்பந்தம் நீட்டிப்பு, 60'. பக்கத்தில் அக்கா தன் கையெழுத்தில் 80 என்று போட்டிருக்கிறாள்.