வெயிலுக்கு முன் திரும்புதல்: திருகோணமலை நடைக்குழு நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

இன்று கன்னியாவிலிருந்து வெல்கம் விகாரைக்கும் அங்கிருந்து பெரியகுளக் கட்டுக்கும் நடந்து திரும்பினோம். விடியுமுன் புறப்பட்டதால் போகும் வழி முழுவதும் நிழலாகவே கிடைத்தது. சோழர் ஆட்சியில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றிருந்த அந்தப் பௌத்தப் பள்ளியில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவர் குனிந்து நின்று எழுத்துக்கூட்டி வாசிக்க முயன்றபோது, மற்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

திரும்பும் வழியில், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயாவை முன்னால் விட்டேன். குழுவில் மெதுவாக நடப்பவர் கடைசியில் வந்தால், முன்னே போனவர்கள் நின்று இளைப்பாறி அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. அவரை முன்னே விட்டால் அவருடைய நடையே எல்லோருடைய நடையாகிவிடும். இளைஞர்களுக்கு இது முதலில் பிடிக்காதுதான். ஆனால் கன்னியாவுக்குத் திரும்பிய நேரத்தில் எவருக்கும் மூச்சு வாங்கவில்லை. அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் ஒன்றுக்கொன்று வேறான சூட்டில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு வீடு திரும்பினோம்.

மே 7, புதன்

சுவிற்சர்லாந்திலிருந்து தங்கை பேசினாள். 1863ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுவிஸ் அல்பைன் கழகத்தின் கிளை ஒன்றில் அவள் உறுப்பினர்; குளிர்காலத்திலும் இளவேனிலிலும் அவர்களோடு பனிச்சறுக்கு மலைப்பயணங்களுக்குப் போய்வருகிறாள். இழுவைக் கம்பி வண்டிகள் உள்ள சரிவுகளில் அல்ல, ஆளரவமற்ற மலைகளில், சொந்தக் காலால் ஏறிச் சறுக்கி இறங்கும் ஒருநாள் பயணங்கள் அவை. ஏறும்போது பலகையின் அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்வார்களாம். முற்காலத்தில் கடல்நாயின் தோலாக இருந்த அது இன்று மொகேர் என்னும் ஆட்டு மயிராலோ நைலோன் இழையாலோ ஆனது. மயிர் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் பலகை முன்னே வழுக்குமே தவிரப் பின்னே சறுக்காது. உச்சியில் அதை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு இறங்குவார்கள்.

நான் அதிகம் கேட்டது நேரத்தைப் பற்றித்தான். சென்ற ஞாயிறு அவர்களும் இருட்டிலேயே, தலைவிளக்குகளுடன் புறப்பட்டிருக்கிறார்கள். இளவேனிலில் இரவுக் குளிரில் இறுகிய பனி, வெயில் ஏற ஏற நனைந்து கனத்துச் சரியத் தொடங்கும். ஆகவே முற்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். வானம் தெளிந்திருந்தால்தான் இரவில் பனி தன் வெப்பத்தை வெளிவிட்டு இறுகும். மேகம் மூடிய இரவில் இறுகாது. அன்று இரவு மேகமூட்டம். ஏறும்போதே கால் புதைவதைக் கண்ட வழிநடத்துநர், உச்சி கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த இடத்தில் எல்லோரையும் திருப்பிவிட்டார்.

“ஒருத்தரும் மறுத்துக் கதைக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“இல்லை அண்ணா. எத்தனை மணிக்குத் திரும்பிறது, எதைக் கண்டால் திரும்பிறது எண்டு முதல்நாள் பின்னேரமே பேசி முடிச்சிடுவம். மலையில நிண்டு பேசத் தொடங்கினால் உச்சிதான் வெல்லும்.”

டாவோஸ் நகரிலுள்ள ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. ஆபத்து 5 படிகளாகச் சொல்லப்படும். அதை வாசித்து, 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகள் வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்த பிறகே வழி தீர்மானமாகும். புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் தேடுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கக்கூடியவர்கள் பக்கத்தில் நிற்கும் தோழர்கள் மட்டுமே. நமக்குப் பனி இல்லை. ஆனால் கூட்டமாகப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதை இவ்வளவு கண்டிப்பாக எழுதி வைத்து நடப்பவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு ஏற்பட்டது.

மே 18, ஞாயிறு

நிலாவெளியிலிருந்து இறக்கக்கண்டி வரை கடற்கரை நடை. மணலில் கெண்டைக்கால் கடுக்கும் என்பதைத் தவிர இதில் எழுத அதிகமில்லை. எட்டு மணிக்கே முடித்துவிட்டோம்.

ஜூன் 1, ஞாயிறு

திரியாய். நகரிலிருந்து வடக்கே, குச்சவெளியையும் தாண்டி, காடு சூழ்ந்த குன்று. தபஸ்ஸு, பல்லிகர் என்னும் வணிகர் இருவரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் பழைய பௌத்தத் தலம் அது. உச்சியில் கற்றூண்கள் சூழ்ந்த வட்டதாகையும் (தாதுகோபுரத்தைச் சுற்றிய வட்டக் கட்டடம்), சரிவுப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறித்த வடமொழிக் கல்வெட்டும் உள்ளன. பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு மாதமாக எண்ணியிருந்தேன்.

பிரதான வீதியிலேயே வாகனத்தை விட்டு நடந்தோம். தங்கை சொன்னபடி நேற்று மாலையே எல்லோருடனும் பேசி, எங்கே நின்றாலும் எட்டரைக்குத் திரும்புவது என்று முடிவு செய்திருந்தோம். இரவு முழுவதும் கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்று, ஓயாமல் வீசியிருந்தது. விடியற்காலையிலும் குளிர்ச்சி என்பதே இல்லை. வழியில் பாலை மரங்களின் கீழே பழம் உதிர்ந்து கிடந்தது. மஞ்சளாக, விரல்நுனி அளவில் இருக்கும் அதைத் தின்றால் பால் பிசினாகி மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பாலைப்பழம் கரடிக்கும் பிரியமானது என்பதால் கூட்டமாகவே நிற்கச் சொன்னேன்.

குன்றின் அடிவாரத்தை நெருங்கும்போது மணி எட்டு இருபது. எங்கள் குழுவிலுள்ள கணித ரீச்சர் பேச்சைக் குறைத்திருந்தார். அவருடைய சட்டையின் முதுகுப்புறத்தைப் பார்த்தேன்: ஈரம் சிறிதும் இல்லை, தோள்பட்டை ஓரமாக உப்பு மட்டும் வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. கச்சானின் கொடுமை இதுதான். வாடைக்காலத்து ஈரக் காற்றில் வியர்வை உடம்பிலேயே நின்று நம்மை எச்சரிக்கும். இந்த உலர்காற்றில் அது வந்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பது நடப்பவருக்கே தெரியாது.

“சேர், தலை இடிக்குது. நீங்கள் எல்லாரும் ஏறிப்போட்டு வாங்கோ, நான் இந்த மரத்தடியில இருக்கிறன்” என்றார்.

“ஆரையும் தனிய விட்டிட்டுப் போறதில்லை ரீச்சர்” என்று துறைமுக ஐயா எனக்கு முன்பே சொல்லிவிட்டார்.

நிழலில் இருத்தி, ஒரு லீற்றர் நீரில் கரைத்து வைத்திருந்த ஜீவனி என்னும் உப்பு-சீனித் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தோம். துவாயை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, தொப்பியால் விசிறினோம். பேச்சுத் தடுமாற்றமோ தள்ளாட்டமோ இல்லாததால் இது வெப்பக் களைப்பு மட்டுமே என்று தெரிந்தது. அவை இருந்திருந்தால் உடல் வெப்பம் 40 பாகையை எட்டியிருக்கக்கூடும், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருக்கும். கால் மணி நேரத்தில் அவர் தெளிந்தார். படிக்கட்டு எதிரே தெரிந்தது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோருமாகத் திரும்பி நடந்தோம்.

ஜூன் 4, புதன்

தங்கையிடம் சொன்னபோது, தென்மேல் பருவக்காற்றைப் பற்றி விசாரித்துவிட்டு, “இது எங்கட ஃபோன் காற்றுத்தானே அண்ணா” என்றாள். அல்ப்ஸ் மலையைக் கடந்து உலர்ந்து சூடாக இறங்கும் காற்றுக்கு அங்கே அந்தப் பெயர். பாடசாலையில் நான் ஆண்டுதோறும் கற்பித்தது இது. மேற்கிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மத்திய மலைநாட்டில் ஏறி மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரம் ஒடுங்கும்போது வெளியாகும் வெப்பத்தால், ஏறும் காற்று 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 6 பாகைதான் குளிர்கிறது. ஆனால் மறுபுறம் உலர்ந்து இறங்கும்போது அதே உயரத்துக்கு 10 பாகை சூடாகிறது. நுவரெலியா மழையில் நனையும் நாளில் திருகோணமலை காய்வது இதனால்தான். அல்ப்ஸில் இதே காற்று பனியை நனைத்து இளக்கிவிடுவதால், அது வீசும் நாளில் தங்கையின் குழு செங்குத்தான சரிவுகளை விட்டு விலகிவிடும். பனிமலையில் ஏறுகிறவளும் வரண்ட காட்டில் நடக்கிற நானும் ஒரே காற்றைப் பார்த்துத்தான் நாளைத் தீர்மானிக்கிறோம் என்பதை நினைக்க மகிழ்ச்சியாக இருந்தது.

ஜூன் 7, சனி

வெயிலைத் தவிர்க்கப் பொசன் பௌர்ணமி இரவில் திரியாய்க்கு நடக்கலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். ஆசை நியாயமானதே. ஆனால் அந்தப் பாதையில் சென்ற முறை புதிய யானை இலத்தி கிடந்ததை அவர்களும் கண்டார்கள். அந்தி சாய்ந்த பிறகு காட்டுப் பாதை யானைக்குரியது; நிலவு எவ்வளவு பிரகாசித்தாலும் பற்றைக்குள் அசையாமல் நிற்கும் யானை கண்ணுக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொன்னேன். கணித ரீச்சரே அவர்களுக்கு விளக்கமாகச் சொன்னது உதவியாக இருந்தது.

ஆகவே ஜூன் 15, ஞாயிறு, மறுபடியும் திரியாய். இம்முறை வாகனம் அடிவாரம் வரை போகும்; முதல் வெளிச்சத்தில் ஏறத் தொடங்குவோம். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, துவாய் கட்டாயம். சனி இரவு கச்சான் அடங்காவிட்டால் பயணம் ஒரு கிழமை தள்ளிப்போகும். அடங்கினால், எங்கே நின்றாலும் எட்டு மணிக்குத் திரும்புவோம்.