காவல் நிலையத்தில் உட்கார ஏழு மாதம்

குற்றவியல் ஆய்வுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் நெட் தேர்வைப் பற்றித்தான் கேட்கிறார்கள். காவல் துறை அனுமதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் பிஎச்.டி.யில் ஏழு மாதம் அதற்கே போனது.

அனைத்து மகளிர் காவல் நிலையங்கள்தான் என் களம். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் நிலையம் தொடங்கியது. குடும்பத் தகராறு மனுவோடு அங்கே போகும் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். முதல் கடிதத்தில் 'மகளிர் காவல் நிலையங்களில் வழக்குப் பதியாமை' என்று தலைப்பு போட்டிருந்தேன். மூன்று மாதமாகியும் பதில் இல்லை. என் கைடு அதை வாங்கிப் படித்துவிட்டு, "முடிவைத் தலைப்பிலேயே எழுதிட்டா, அப்புறம் ஆய்வு எதுக்கும்மா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். 'குடும்பத் தகராறு மனுக்களின் விசாரணை நடைமுறை' என்று மாற்றினேன். எந்த நிலையம், எத்தனை நாள், எந்த நேரம் என்று எழுதினேன். பதிவேட்டைப் படம் எடுக்க மாட்டேன், யார் பெயரையும் குறிக்க மாட்டேன், விசாரணையில் தலையிட மாட்டேன் என்றும் சேர்த்தேன். நான்கு முறை நேரில் போன பிறகு அனுமதி வந்தது.

கடிதத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டர் மேடம் நாற்காலி போடச் சொன்னார். ஆனால் இரண்டு வாரம் யாரும் மனம்விட்டுப் பேசவில்லை. ஒரு நாள் மாலை ரைட்டர் அக்காதான், "நீங்க தேடுறது எஃப்.ஐ.ஆர்.ல இல்ல மேடம், சி.எஸ்.ஆர்.ல இருக்கு" என்றார். என் ஆய்வேடே அந்த ஒரு வரியில் இருந்துதான் வளர்ந்தது.

மனு கொடுத்தால் அதைச் சமுதாயப் பணிப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள்; அதுதான் சி.எஸ்.ஆர். அதற்கு ரசீது கிடைக்கும். இரு தரப்பையும் அழைத்துப் பேசி 'சமாதானம்' என்று முடித்துவிட்டால் அது எஃப்.ஐ.ஆர். ஆவதில்லை. குடும்பத் தகராறுகளில் வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை செய்ய உச்ச நீதிமன்றத்தின் 2013 லலிதா குமாரி தீர்ப்பே இடம் தருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ பதிவான வழக்குகளைத்தான் எண்ணுகிறது. ஆகவே அடிபட்டு வந்து, சமாதானமாகி வீடு திரும்பிய பெண் அந்தக் கணக்கில் இல்லை. புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து ஆய்வு செய்கிறவர்கள் ஒரு வாரமாவது நிலையத்தில் போய் உட்கார வேண்டும் என்பேன்.

நான் மாணவி என்று எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்படியும் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது சொல்லும்மா" என்றார். தலையிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். சும்மா இருந்தேன். அந்தக் கையை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வான வைவாவில் ஒரு தேர்வாளர், "சமாதானமாகிப் போன பெண்கள் ஆறு மாதம் கழித்து எப்படி இருந்தார்கள்?" என்று கேட்டார். என்னிடம் தரவு இல்லை. இப்போது கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டு அதைத்தான் எடுத்திருக்கிறேன். அனுமதிக் கடிதம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது.