லைசென்ஸ் புதுப்பிக்கப் போனவனிடம் அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார்கள்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்க படிவம் 1ஏ, அதாவது மருத்துவச் சான்று வேண்டும். ஆன்லைன் விண்ணப்பம், கட்டணம் எல்லாம் ஒரு மாலையில் முடிந்தது. சிக்கியது சான்றில்தான்.

நாகர்கோவிலில் நான் போன கண் கிளினிக்கில், புள்ளிப் புள்ளியாக வட்டம் போட்ட புத்தகத்தை நீட்டினார்கள். நிறம் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்கும் இதை இஷிஹாரா தட்டுகள் என்பார்கள். 1917 முதல் புழக்கத்தில் இருப்பவை. முதல் பக்கத்தில் உள்ள 12 எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது. அடுத்த பக்கத்தில் 3 என்றேன், இருந்தது 8. இன்னொன்றில் துளியும் தயங்காமல் 70 என்றேன். அது 29. சோதித்த பெண் பேனாவை மூடிவிட்டார்.

"சார், உங்களுக்கு கலர் பிளைண்ட். லைசென்ஸ் கிடைக்காது."

இது தப்பு. லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களும் வண்டி ஓட்டலாம் என்று 2020 ஜூனில் மத்திய அரசு படிவங்களைத் திருத்திவிட்டது. கடுமையாக இருந்தால்தான் தடை. அந்த அறிவிப்பை ஃபோனில் எடுத்துக் காட்டினேன். சரி, இது பிறவியிலேயே உள்ளதா, இடையில் வந்ததா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பார்வை நரம்புக் கோளாறிலும், காசநோய்க்குக் கொடுக்கும் எதாம்பியூட்டால் மாத்திரையாலும்கூட நிறம் குழம்பலாம். ஆனால் அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி இருக்கிறதே! "பரம்பரைன்னா அப்பாவுக்கும் இருக்கும்ல? அவரைக் கூட்டிட்டு வாங்க, பார்த்துட்டு எழுதித் தர்றோம்."

முட்டுவலிக்காரரான அப்பாவை தோவாளையிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தேன். டோக்கன் போட்டு மதியம் வரை உட்கார்ந்தோம். அவருக்கும் தனியாக ஃபீஸ் வாங்கினார்கள். அப்பா ஒரு பக்கம் விடாமல் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சத்தமாகப் படித்து முடித்தார். "அப்போ பரம்பரை இல்ல. நரம்புல ஏதாவது இருக்கும், ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஸ்கேனுக்குக் காசு கட்டும் முன் வேறொரு வயதான கண் டாக்டரைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள், "அப்பாவை எதுக்கு இழுத்துட்டு வந்தாங்க? உங்க அம்மா கூடப்பிறந்த ஆம்பளைங்க இருக்காங்களா?" என்றார். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் அம்மா கொடுத்தது. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். ஆக, இந்த விஷயத்தில் என் அப்பா நூற்றுக்கு நூறு வாங்கினாலும் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் என்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். அதனால்தான் ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு இருப்பது, பெண்களில் 200 பேரில் ஒருவருக்குத்தான் இருக்கிறது.

அங்கிருந்தே அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "உன் மாமனா? அவனுக்கு நொச்சி இலைக்கும் செவ்வரளிக்கும் வித்தியாசம் தெரியாதே மக்கா!" என்றாள். எங்கள் தோவாளை மாணிக்கமாலையில் வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றும் கட்டம் கட்டமாக வர வேண்டும். மாமா கட்டினால் சிவப்புக் கட்டத்துக்குள் பச்சை உட்கார்ந்திருக்குமாம். ஆச்சி திட்டித் திட்டிக் கடைசியில் அவரை எடை போட மட்டும் வைத்துக்கொண்டாள். திட்டிய ஆச்சிதான் அந்த எக்ஸைக் கொடுத்தவள் என்பது பாவம் அவளுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் சொத்து மருமக்கள்வழியில் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது போலத்தான் இதுவும் தோன்றும். ஆனால் மாமா எனக்கு எதையும் தரவில்லை. ஆச்சியிடமிருந்து அவருக்கு நேராகவும் எனக்கு அம்மா வழியாகவும் வந்திருக்கிறது. என்னிடம் உள்ள ஒரே எக்ஸ் என் மகளுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு நிறம் நன்றாகவே தெரியும், ஆனால் அவளுக்குப் பையன் பிறந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மாமாவும் வந்து சோதித்துக்கொண்டார். அவருக்கும் 29 இருந்த இடத்தில் 70! உங்களுக்கு இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது, ஸ்கேன் தேவையில்லை என்றார் டாக்டர்.

அடுத்து கடுமையா இல்லையா என்று பார்க்க வேண்டும். இஷிஹாரா குறை உண்டா இல்லையா என்பதைத்தான் நன்றாகச் சொல்லும், அளவைச் சொல்லாது. அதற்கு டி-15 என்று 15 வண்ண வில்லைகளை வரிசையாக அடுக்கும் சோதனை இருக்கிறது. இது எல்லா கிளினிக்கிலும் இருக்காது, ஃபோனில் கேட்டுவிட்டே போங்கள். நான் தேறிவிட்டேன். சான்று கிடைத்தது, லைசென்ஸ் தபாலில் வந்தது. உங்களுக்கு நாற்பது தாண்டியிருந்தால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். காலாவதிக்கு ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று. நம் மாவட்டத்துப் பையன்கள் கப்பல் படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டிச் சேர்கிறார்கள். கப்பலுக்கும் ரயில் ஓட்டவும் நிறப்பார்வை கட்டாயம். லைசென்ஸில் கிடைத்த சலுகை அங்கே கிடையாது. தாய்மாமனுக்கோ அம்மாவின் அப்பாவுக்கோ நிறம் குழம்பும் என்றால் முதலில் பையனைச் சோதியுங்கள். அக்கா மகனும் கப்பலுக்குத்தான் விண்ணப்பித்திருந்தான். அவனை இழுத்துப்போய்ச் சோதித்து, எல்லாப் பக்கமும் சரியாகப் படித்த பிறகுதான் அக்கா பணம் கட்டினாள்.